வெயிலில் காயும் பவர் பாங்க்
சோலார் வாங்கலாமா, சாதா பாட்டரி போதுமா?

டார்ச் லைட்டின் வெளிச்சம் மங்கி விட்டால் முன்பெல்லாம் நம் ஊரில் என்ன செய்வார்கள் என்பது வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். உள்ளே இருக்கும் பாட்டரிக் கட்டைகளை உருவி எடுத்து, திண்ணையிலோ ஓட்டுக் கூரையின் மீதோ வெயிலில் காய வைப்பார்கள். சாயங்காலம் எடுத்துப் போட்டால் இன்னும் இரண்டு நாள் எரியும். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் இதே வைத்தியம்தான்.

வெயில் கட்டைக்குள் இறங்கி மின்சாரமாகி விட்டது என்றே நாம் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் வெயிலிலிருந்து ஒரு துளி மின்சாரம்கூட உள்ளே போகவில்லை. சூடு பட்டதும், உள்ளே மிச்சம் கிடந்த ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை செய்தது. அவ்வளவுதான்.

அந்தப் பழைய காட்சியை இப்போது பெங்களூரில் வேறு உருவத்தில் பார்க்கலாம். கட்டிட வேலை நடக்கும் இடங்களில், தகர ஷெட்டுகளின் மேல், காயப் போட்ட லுங்கிக்கும் சட்டைக்கும் நடுவே கறுப்பாக ஒரு பெட்டி இருக்கும். அதுதான் சோலார் பவர் பாங்க்.

அரூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி அப்படி ஒன்றை வாங்கினார். சர்ஜாபூர் சாலைக்கு அப்பால் எழும்பி வரும் அடுக்கு மாடிக் கட்டிடத்தில் அவருக்கு சென்ட்ரிங் வேலை. குடியிருப்பு பக்கத்திலேயே, தகர ஷெட்டில். அந்த ஷெட் வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு பிளக் பலகை. அதில் ஆறு செல்போன் மாட்டலாம். செல்போன்களோ இருபதுக்கு மேல்.

"சோத்துக்குக்கூட நாங்க இப்படி வரிசையில நிக்க மாட்டோம் சார்" என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் 600 ரூபாய் கொடுத்து அதை வாங்கினாராம். மேலே 20,000 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கரண்டே வேண்டாம், வெயிலில் வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னார். வெயிலில் பிடித்தும் காட்டினார். உடனே பச்சை விளக்கு எரிந்தது.

"மூணு நாள் ஷெட்டு மேல வெச்சேன் சார். நாலு புள்ளியில ஒரு புள்ளிதான் எரிஞ்சுது. நாலாம் நாள் ராத்திரி போன் ஆஃப் ஆயிடுச்சு. அன்னிக்கு ராத்திரிதான் ஊர் ஆஸ்பத்திரியில எனக்குப் பொண்ணு பொறந்தது. மறுநாள் காலையில மேஸ்திரி போனுக்கு மச்சான் கூப்பிட்டுச் சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும்."

கடைக்காரர் மீது அவருக்குக் கோபம் இல்லை. "பெங்களூர் வெயிலு பத்தல போல சார். நம்ம ஊர் வெயிலு மாதிரி இங்க இல்லியே" என்றார்.

பாவம், பெங்களூர் வெயில் மீது பழி! அது செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டிக்கக் கூடாது. கணக்கைப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

உச்சி வெயில் நேராக விழும்போது ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1,000 வாட் சக்தி விழுகிறது. பவர் பாங்கின் முதுகில் ஒட்டியிருக்கும் தகடு எவ்வளவு பெரிது? நீளம் 15 சென்டி மீட்டர், அகலம் 7 சென்டி மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 105 சதுர சென்டி மீட்டர். நம் பத்திரிகையில் வரும் ஒரு சிறிய இரங்கல் விளம்பரத்தின் அளவு. அதன் மேல் விழும் வெயில் பத்தரை வாட். நல்ல சோலார் தகடுகூட அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். ஆக 2 வாட். தகடு சாய்ந்திருப்பது, சூடு ஏறுவது, மேலே பிளாஸ்டிக் மூடியிருப்பது இவற்றையெல்லாம் கழித்தால் கைக்கு வருவது 1 வாட், மிஞ்சிப் போனால் ஒன்றரை வாட்.

பெங்களூரில் காலை முதல் மாலை வரை விழும் வெயிலை எல்லாம் சேர்த்துக் கூட்டினால், உச்சி வெயில் சுமார் 5 மணி நேரம் அடித்ததற்குச் சமம். ஆகவே நாள் முழுவதும் காய்ந்தாலும் அந்தத் தகடு சம்பாதிப்பது 5 முதல் 7 வாட் அவர்.

செலவு என்ன? இப்போது பெரும்பாலோர் கையில் இருக்கும் செல்போனின் பாட்டரி 5,000 எம்.ஏ.எச். அதற்குள் சுமார் 19 வாட் அவர் பிடிக்கும். வழியில் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தால் 25 வாட் அவர் கொடுத்தால்தான் செல்போன் முழுதாக நிரம்பும். அதாவது ஒரே ஒரு தடவை செல்போனை நிரப்ப, பவர் பாங்கை நான்கு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் பெட்டி உண்மையிலேயே அவ்வளவு கொள்ளும் என்றால், அது நிரம்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இது மார்ச், ஏப்ரல் மாதக் கணக்கு. ஆடி மாத மேகமூட்டத்தில் இன்னும் மோசம்.

அரூர்க்காரருக்கு மூன்று நாளில் ஒரு புள்ளி எரிந்ததே பெரிய விஷயம். தர்மபுரி வெயிலில் வைத்திருந்தாலும் இதே கதிதான்.

அப்படியானால் கடைக்காரர் காட்டிய பச்சை விளக்கு? அந்த விளக்கு எரிய மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். வெயில் படுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எவ்வளவு ஏறுகிறது என்று சொல்வதில்லை. புதுப் பெட்டியில் தொழிற்சாலையிலேயே ஏற்றிய சார்ஜ் கொஞ்சம் இருக்கும். அதை வெயில் கொடுத்தது என்று நம்பி விடுகிறோம்.

ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருடைய மேஜையில் 1980களில் வாங்கிய கால்குலேட்டர் இன்னும் இருக்கிறது. விரல் நகம் அளவு சோலார் தகடு. டியூப் லைட் வெளிச்சத்திலேயே கணக்குப் போடுகிறது. "இத்தனூண்டு தகடு இதை ஓட்டும்போது, அத்தனை பெரிய தகடு போனை ஓட்டாதா?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கால்குலேட்டர் சாப்பிடும் சக்தியைப் போல சுமார் ஒரு லட்சம் மடங்கு சக்தி வேண்டும், ஒரு செல்போன் சார்ஜ் ஏறுவதற்கு. எறும்புக்குப் போடும் தீனியை யானைக்குப் போட்டால் என்ன ஆகும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. வெயில் இலவசம், கரண்டுக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்பார்கள். 10,000 எம்.ஏ.எச். பவர் பாங்கை ஒரு தடவை நிரப்ப சுமார் 50 வாட் அவர் போதும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 20 தடவை நிரப்பலாம். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 40 காசு. ஒரு வாரம் கூரை மேல் காவல் காத்து மிச்சம் பிடிப்பது 40 காசு!

வெயில் பாட்டரிக்கு எமன்

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பவர் பாங்கின் உள்ளே இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாகக் கடைக்குக் கொண்டு வந்தது. இதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் சூடு அதற்கு ஆகாது. 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் இந்த வகை பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொது விதி.

ஏப்ரல் மாதம், மத்தியானம் ஒரு மணி, தகரக் கூரை, அதன் மேல் கறுப்புப் பெட்டி. கையை வைத்துப் பாருங்கள், எடுத்து விடுவீர்கள். சோலார் தகடுக்கு வெயில் வேண்டும். அதன் அடியிலேயே ஒட்டியிருக்கும் பாட்டரிக்கோ நிழல் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைத்தது மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் குடி வைத்தது போலத்தான். பாட்டரியின் ஆயுள் குறையும், மட்டமான சரக்காக இருந்தால் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஆகவே பிளக் பாயின்ட் கிடைக்கும் ஊரில், பெங்களூரில் இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: முதுகில் சோலார் தகடு ஒட்டிய பவர் பாங்க் வேண்டாம். அதே காசுக்கு தகடு இல்லாத, நாணயமான பாட்டரி வாங்குங்கள்.

நாணயமான பாட்டரி எது?

இங்கேதான் ஏமாற்று வேலை அதிகம். எஸ்.பி. ரோட்டிலும், மெஜஸ்டிக் பக்கத்து மார்க்கெட்டுகளிலும், பஸ் ஸ்டாண்டு நடைபாதைகளிலும் பவர் பாங்க் குவிந்து கிடக்கிறது. 10,000, 20,000, 50,000 என்று எண்கள். எண்ணை அச்சடிக்கக் காசா, பணமா?

முதல் சோதனை, எடை. கையில் வாங்கிப் பாருங்கள். நிஜமான 10,000 எம்.ஏ.எச். பவர் பாங்க் 200 கிராம் சுமார் இருக்கும். லித்தியம் பாட்டரிக்கு எடை இல்லாமல் சக்தி வராது. 20,000 என்று எழுதியிருந்து 150 கிராம்தான் இருக்கிறது என்றால், அது 20,000 அல்ல. உள்ளே மணல் நிரப்பி எடை காட்டுகிற கெட்டிக்காரர்களும் உண்டாகையால் எடை மட்டும் போதாது.

இரண்டாவது, முத்திரை. பவர் பாங்க் விற்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸில் பதிவு செய்வது கட்டாயம். பெட்டியின் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பை இறக்கி அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனத்தின் பெயரில் அது பதிவாகியிருக்கிறது என்று தெரியும். பெட்டியில் ஒரு பெயர், ஆப்பில் வேறு பெயர் என்றால் கடையை விட்டு இறங்கி விடுங்கள்.

மூன்றாவது, சிறு எழுத்து. 10,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் பாட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. செல்போனுக்குக் கொடுப்பது 5 வோல்ட். வோல்ட் ஏறும்போது ஆம்பியர் குறையும். கொஞ்சம் சூடாகவும் வீணாகும். ஆகவே 10,000 போட்டு வாங்கினால் வெளியே வருவது 6,000 சுமார்தான். இது மோசடி அல்ல, எல்லா நிறுவனத்துக்கும் பொது. நல்ல நிறுவனங்கள் இதையே சிறு எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். 5,000 எம்.ஏ.எச். செல்போனை 10,000 பவர் பாங்க் இரண்டு தடவை நிரப்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றேகால் தடவை, நல்லதாக இருந்தால் ஒன்றரைத் தடவை.

தினமும் ஷெட்டுக்கோ ரூமுக்கோ திரும்புகிறவர்களுக்கு 10,000 போதும். நல்ல கம்பெனிச் சரக்கு ஆயிரம் ரூபாய் சுமாரில் கிடைக்கிறது. கூலி வாங்குகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் 600 ரூபாய்க்கு வாங்கி அதைத் தெருவில் போடாதீர்கள் என்கிறேன்.

பென்சில் பாட்டரி நான்கைப் போட்டு செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும் சிறு பெட்டியும் விற்கிறது. நான்கு கட்டையும் தீர்ந்தாலும் செல்போனில் கால் பங்கு ஏறினால் அதிகம். ஆபத்துக்குப் பாவமில்லை என்று வேண்டுமானால் ஒரு தடவை உபயோகிக்கலாம்.

சோலார் பெரிதாக இருந்தால்

இதையெல்லாம் படித்து விட்டு சோலாரே பொய் என்று யாரும் நினைத்து விடக் கூடாது. சூரிய ஒளியில் மின்சாரம் பிறக்கும் என்பதை பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் பெக்கரல் 1839-லேயே கண்டார். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடம் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. நம் பக்கத்து தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கு மேல் சோலார் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே தகடு ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. சோலாரில் காரியம் நடக்க இடம் வேண்டும்.

விரித்து வைக்கும் மடக்குத் தகடு என்று ஒன்று தனியாகக் கிடைக்கிறது. 20 வாட் தகடு விரித்தால் இந்தப் பத்திரிகையின் அரைப் பக்கத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும். நல்ல வெயிலில் 12 வாட்டுக்குக் குறையாமல் தரும். ஒரே நாளில் செல்போனை இரண்டு தடவை நிரப்பலாம். தகடு வெயிலில் இருக்கட்டும், பவர் பாங்கை ஒயர் நீளத்துக்குத் தள்ளி நிழலில் வையுங்கள். மாமியார் மருமகள் சண்டை தீர்ந்தது.

இது யாருக்குத் தேவை? பிளக் பாயின்டையே நாள் கணக்கில் பார்க்காதவர்களுக்கு. ஆடு மேய்ப்பவர்கள், தோட்டக் காவல்காரர்கள், கால்நடையாகக் கோயிலுக்குப் போகிறவர்கள். தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஒரு லட்சத்துக்கு மேல் மின் கம்பங்கள் சாய்ந்தபோது, பல கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் காசு கொடுத்து செல்போனுக்கு உயிர் ஏற்றினார்கள். பெங்களூரில் இருந்தபடி ஊருக்கு போன் போட்டு, போட்டு, "சுவிட்ச் ஆஃப்" என்ற குரலையே கேட்டுக் கொண்டிருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படிப்பட்ட வீட்டில் பெட்டிக்குள் ஒரு மடக்குத் தகடு இருப்பது வீண் செலவல்ல.

பெங்களூரிலேயே ஏழைகளுக்கு சோலாரைப் பயன்படும்படி செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஹரீஷ் ஹண்டே 1995-ல் இங்கே தொடங்கிய செல்கோ நிறுவனம் அப்படிப்பட்டது. 2011-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தெருவோர வியாபாரிகளுக்கு அவர்கள் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. ஒருவர் பகலில் பெரிய சோலார் தகட்டில் பாட்டரிகளை ஏற்றி வைப்பார். மாலையில் வியாபாரிகளுக்கு வாடகைக்குக் கொடுப்பார். தகடு ஓர் இடத்தில், பாட்டரி இன்னோர் இடத்தில். மாதம் 300 ரூபாய் என்றால் முடியாது, நாளுக்கு 10 ரூபாய் என்றால் முடியும் என்று ஒரு வியாபாரிப் பெண்மணி சொன்னதை ஹண்டே தம் பேச்சுகளில் குறிப்பிடுவதுண்டு. தினக்கூலி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

வரிசையில் நிற்க ஓர் ஆள்

செல்போன் அணைந்தால் பேச்சு மட்டுமா நிற்கிறது? கூலி வருவதும், வீட்டுக்குப் பணம் போவதும், டீக் கடைக் கணக்கும் அதற்குள் இருக்கிறது. நம்ம மெட்ரோவில் 2022 நவம்பர் முதல் செல்போனிலேயே கியூ.ஆர். டிக்கெட் எடுக்கிறோம். நடுவில் போன் அணைந்தால், இறங்கும் ஸ்டேஷனில் கதவு திறக்காமல் நிற்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டிகளில் உள்ள சார்ஜர் பிளக்குகளுக்கு இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மின்சாரத்தை நிறுத்தி வைக்க 2021-ல் ரயில்வே ஏற்பாடு செய்தது. ஏறும் முன்பே பவர் பாங்கை நிரப்பிக் கொள்ளுங்கள். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப் பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக் கூடாது.

தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் ஏற்ற வேண்டாம். உப்பிய பவர் பாங்கை உடனே ஒதுக்குங்கள். குப்பையோடு எரித்தால் வெடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

அரூர்க்காரரை மறுபடி போய்ப் பார்த்தேன். இந்தக் கணக்கையெல்லாம் அவருக்குச் சொன்னேன். வாட் கணக்கில் அவருக்கு அக்கறை இல்லை. "பிளக்குதான் சார் இல்லியே? சோலார் இல்லாத பவர் பாங்கு வாங்கி எங்க மாட்டுறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. பதிலைச் சொன்னவர் நான் அல்ல; பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோர் ரூம் காவல்காரர், திருவண்ணாமலைக்காரர்.

"அடேய், போனைக் குடுத்துட்டுப் போக முடியாது. யார் எப்பக் கூப்பிடுவாங்கன்னு கையிலயே வெச்சிருக்கணும். அந்தப் பெட்டிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போகலாம் இல்ல? ஸ்டோர்ல பகல் பூரா பிளக்கு சும்மாத்தான் கெடக்குது. காலையில குடு, சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

இப்போது அந்த ஸ்டோர் ரூமில் பகலில் ஐந்து பவர் பாங்குகள் நிழலில், சிமெண்ட் மூட்டைகளுக்குத் தள்ளி, ஒரு பலகை மேல் வரிசையாக இருக்கின்றன. யாருடையது எது என்று தெரிய ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறது. அரூர்க்காரர் தன்னுடையதில் எழுதியிருப்பது மகளின் பெயரை.